சீனப் பழங்கவிதையில் நட்பும் பிரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனக் கவிதையை மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்குபவர்கள் சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்துவிடுகிறார்கள்: பக்கத்துக்குப் பக்கம் யாரோ யாரையோ வழியனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, பெரும்பாலும் தாங் அரசமரபுக் காலத்துக் (618–907) கவிதைகளை வைத்து, இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மேற்கோளாக வரும் வரிகள் கவிதையின் பொருளைச் சொல்லும் உரைநடை; கவிதையாக்கும் முயற்சி அல்ல.

பிரிவுக் கவிதை என்பது தனி வகையா, அல்லது நாமாக வைத்த பெயரா?

தனி வகைதான். ஆறாம் நூற்றாண்டில் இளவரசர் சியாவ் தோங் தொகுத்த புகழ்பெற்ற இலக்கியத் தொகைநூலிலேயே வழியனுப்பு விருந்துக் கவிதைகளுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. தாங் காலத்துக்கு வரும்போது தலைப்பைப் பார்த்தே யார் நிற்கிறார், யார் போகிறார் என்று சொல்லிவிடலாம். நிற்பவர் எழுதினால் 'இன்னாரை இன்ன ஊருக்கு வழியனுப்பியது' என்று தலைப்பு வரும்; புறப்படுபவர் எழுதினால் 'விட்டுச்செல்வது' என்று வரும்; பிரிந்தபின் தொலைவிலிருந்து எழுதினால் 'அனுப்பியது' என்று வரும். தாங் கவிதைகள் அனைத்தையும் திரட்டுவதற்காகக் கங்ஷி பேரரசரின் ஆணைப்படி 1705இல் தொடங்கிய பெருந்தொகுப்பில் ஏறத்தாழ 49,000 கவிதைகள் இருக்கின்றன. அதன் எந்தப் பகுதியைப் புரட்டினாலும் இந்த மூன்று வகைத் தலைப்புகளும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தத் தலைப்புகளை வாசகர்கள் தாண்டிச் சென்றுவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். யார், எங்கே, எந்த வேலையாகப் போகிறார் என்பது தலைப்பில்தான் இருக்கும். கவிதைக்குள் அது திரும்பச் சொல்லப்படாது. ஆனால் கவிதையின் ஒவ்வொரு சொல்லும் அதைத் தெரிந்துகொண்டவருக்காகவே எழுதப்பட்டிருக்கும்.

ஏன் இத்தனை பிரிவுகள்?

அரசுப் பணிதான் முதல் காரணம். படித்த ஆண்களுக்கு முன்னால் இருந்த மதிப்புள்ள வழி அரசாங்க உத்தியோகம் ஒன்றே. தேர்வு எழுதுவதற்காக மாகாணங்களிலிருந்து தலைநகர் சாங்கானுக்கு (இன்றைய சியான்) வருவார்கள். ஆண்டுதோறும் இருபது முப்பது பேர் மட்டுமே உயர்நிலைத் தேர்வில் தேறுவார்கள். மற்றவர்கள் ஊர் திரும்புவார்கள். தேறியவர்களுக்கும் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வாய்ப்பு இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். அரசரை எதிர்த்து ஒரு மனு எழுதினாலோ, தவறான பிரபுவின் பக்கம் நின்றாலோ, பதவி இறக்கப்பட்டுத் தெற்கின் காய்ச்சல் காடுகளுக்குப் போக வேண்டியிருக்கும். 755இல் ஆன் லுஷான் என்ற படைத்தளபதியின் கலகம் வெடித்து 763 வரை நீடித்தபோது, இவற்றோடு அகதி வாழ்க்கையும் சேர்ந்துகொண்டது.

ஆற்றுப் படகிலும் குதிரையிலும் மாதக்கணக்கில் பயணம் செய்த காலம் அது. கடிதம் வர ஓராண்டு ஆகலாம், வராமலே போகலாம். ஆகவே ஒவ்வொரு வழியனுப்புதலும் கடைசிச் சந்திப்பாக இருக்கக்கூடும் என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் கவிதைகளில் மிகையான துயரம் இருப்பதாகத் தோன்றினால், இதை நினைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள்.

வழியனுப்பும்போது உண்மையில் என்ன நடந்தது?

ஊர் எல்லைவரை கூடவே போவார்கள். நெடுஞ்சாலைகளில் ஐந்து லீ (ஒரு லீ ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர்) தூரத்துக்கு ஒரு சிறு மண்டபம், பத்து லீக்கு ஒரு பெரிய மண்டபம் என்று இருந்த வழக்கம் கவிதைகளில் 'நீள்மண்டபம், குறுமண்டபம்' என்று வழங்குகிறது. அங்கே குதிரையிலிருந்து இறங்கி, மது ஊற்றிக்கொடுத்து, கவிதை எழுதி, வில்லோ மரத்தின் ஒரு கிளையை ஒடித்துக் கையில் தருவார்கள். சாங்கானிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு இதற்குப் பேர்போன இடம் பா ஆற்றுப் பாலம்.

வில்லோவுக்குச் சீன மொழியில் 'லியூ' என்று பெயர். 'இரு, தங்கு' என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய அதே ஒலி. 'போகாதே' என்று வாயால் சொல்ல முடியாதபோது கை அந்தச் சொல்லைக் கொடுக்கிறது. ஆனால் ஒலிப்பொருத்தம் மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். சீனத்தின் மிகப் பழைய பாடல்தொகையிலேயே, போர்முனையிலிருந்து வீடு திரும்பும் ஒரு வீரன், "நான் புறப்பட்ட அன்று வில்லோக்கள் அசைந்து அசைந்து நின்றன, இன்று திரும்பி வருகிறேன், பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது" என்கிறான். தாங் காலக் கவிஞர் ஒருவர் வில்லோவைப் பிடித்து ஒடிக்கும்போது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இந்த நினைவும் அந்தக் கிளையோடு வருகிறது. வாங் ஜிஹுவான் ஒரு சிறு கவிதையில், இப்போதெல்லாம் கிளையை எட்டிப் பிடித்து ஒடிப்பதே கடினமாக இருக்கிறது, பிரிவுகள் மிகுந்துவிட்டதால் இருக்கலாம் என்கிறார். கைக்கு எட்டிய கிளைகள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன என்பது அதன் பொருள்.

ஒரே ஒரு கவிதையிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் எது?

வாங் வெய் எழுதிய 28 எழுத்துகள். தலைப்பு: 'யுவான் குடும்பத்து இரண்டாமவரை ஆன்ஷிக்குத் தூது செல்ல வழியனுப்பியது'. குலத்தில் ஒரே தலைமுறையினரில் எத்தனையாவது பிள்ளை என்ற எண்ணால் நண்பர்களை அழைப்பது அக்கால வழக்கம். ஆன்ஷி என்பது மத்திய ஆசியாவின் ஓரத்தில், இன்றைய சின்ஜியாங்கின் கூசாவில் இருந்த படைத்தலைமையகம்.

"வெய் நகரின் காலை மழை மெல்லிய புழுதியை நனைத்திருக்கிறது. விடுதியைச் சுற்றிப் பச்சைப்பசேல் என்று வில்லோ புதிதாக நிற்கிறது. இன்னும் ஒரு கிண்ணம் மது குடித்து முடியுங்கள். மேற்கே யாங் கணவாயைத் தாண்டினால் பழகியவர் யாரும் இல்லை."

முதல் இரண்டு வரிகளில் எதுவும் நடக்கவில்லை. புழுதி நனையும் அளவுக்கு மட்டும் மழை. சேறாகும் அளவுக்கு இல்லை. அதாவது, பயணத்துக்கு மிகவும் ஏற்ற காலை. மழை பலமாகப் பெய்திருந்தால் இன்னும் ஒருநாள் தங்கச் சொல்லியிருக்கலாம். அந்தச் சாக்கும் இல்லை. பெரிய மழைக்கு ஏங்கும் மனத்தைச் சிறுமழையால் காட்டியதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

மூன்றாம் வரியில் 'இன்னும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏற்கெனவே பல கிண்ணங்கள் காலியாகிவிட்டன. முந்தின இரவே பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. கவிதை அவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிக் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கடைசி வரியில் வரும் யாங் கணவாய் துன்ஹுவாங்குக்கு அருகில், கண்ணுக்கு எட்டாத தொலைவில், பாலைவனத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. வெய் ஆற்றங்கரை விடுதியில் ஈரப் புழுதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நான்காம் வரியில் அங்கே போய்விடுகிறார்கள். 'நான் உங்களை நினைத்து வருந்துவேன்' என்று வாங் வெய் சொல்லவில்லை. 'உங்களுக்கு அங்கே யாரும் இல்லை' என்கிறார். தன் துயரத்தை ஒதுக்கிவிட்டுப் போகிறவரின் தனிமையைப் பற்றிக் கவலைப்படுவதால்தான் இந்த வரி இத்தனை நூற்றாண்டுகள் நின்றது என்று நம்புகிறேன். தாங் காலத்திலேயே இது பாட்டாகப் பாடப்பட்டது. வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடும் முறையால் 'யாங் கணவாய் மூன்று மடிப்பு' என்று பெயர் பெற்றது. சின் என்னும் ஏழு நரம்பு இசைக்கருவியில் இன்றும் வாசிக்கப்படுகிறது.

லி பாயின் புகழ்பெற்ற வழியனுப்புக் கவிதையில் சோகமே இல்லையே?

மஞ்சள் கொக்குக் கோபுரத்தில் மெங் ஹாவ்ரானை வழியனுப்பிய கவிதையைத்தான் கேட்கிறீர்கள். கோபுரம் இன்றைய வூஹானில், யாங்சி ஆற்றங்கரையில் இருந்தது. மெங் பன்னிரண்டு வயது மூத்தவர். லி பாய் மிகவும் மதித்த கவிஞர். அவர் போவதோ செல்வமும் பூக்களும் நிறைந்த யாங்ஜோவுக்கு, அதுவும் வசந்தத்தின் உச்சத்தில். "பழைய நண்பர் மஞ்சள் கொக்குக் கோபுரத்தில் விடைபெற்று, புகையும் பூவுமான மூன்றாம் மாதத்தில் யாங்ஜோவுக்கு இறங்கிச் செல்கிறார்" என்பதில் பொறாமை கலந்த மகிழ்ச்சிகூட இருக்கிறது.

சோகம் அடுத்த இரண்டு வரிகளில், பார்வையின் நீளத்தில் இருக்கிறது. "ஒற்றைப் பாயின் தொலைநிழல் நீல வானில் தீர்ந்துபோகிறது. வான் விளிம்பில் யாங்சி ஓடுவது மட்டுமே தெரிகிறது." யாங்சி படகுகள் நிறைந்த பெருவழி. அன்றும் எத்தனையோ பாய்கள் அதில் போயிருக்கும். லி பாய்க்கு ஒன்றுதான் தெரிகிறது. அது புள்ளியாகி மறையும்வரை நிற்கிறார், மறைந்தபிறகும் நிற்கிறார். அப்படி நின்றதால்தான் வெறும் ஆற்றைப் பார்க்கிறார். கையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தவருக்கு நான்காம் வரி கிடைத்திருக்காது.

அவருடைய இன்னொரு வழியனுப்புக் கவிதை, கையசைத்துப் பிரிந்த பின் குதிரை கனைக்கும் ஒலியோடு முடிகிறது. அங்கேயும் மனிதர்கள் பேசவில்லை.

எல்லாப் பிரிவுக் கவிதைகளும் இப்படித்தானா? தைரியம் சொல்பவை இல்லையா?

நிறைய உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இளைஞரான வாங் போ, ஷு நாட்டுக்கு (இன்றைய சிச்சுவான்) சிறு அதிகாரியாகப் போகும் நண்பரிடம், "கடல்களுக்கு உட்பட்ட உலகில் நம்மை அறிந்த ஒருவர் இருந்தால் வானத்தின் ஓரமும் பக்கத்து வீடுதான், பாதை பிரியும் இடத்தில் சிறுபிள்ளைகள்போல் துணியை நனைக்க வேண்டாம்" என்றார். சீனர்கள் இன்றும் பேச்சில் எடுத்தாளும் வரி இது. அதை எழுதியவர் இருபதுகளிலேயே கடற்பயணத்தில் இறந்துபோனார்.

காவ் ஷி எழுதியதில் எனக்கு இன்னும் ஈடுபாடு. மஞ்சள் மேகம், வாடைக்காற்று, பனி, கூட்டமாகப் பறக்கும் வாத்துகள், இவற்றுக்கு நடுவே தோங் குடும்பத்து மூத்தவரிடம், "முன்னே போகும் வழியில் உங்களை அறிந்தவர் இல்லையென்று கவலை வேண்டாம், உலகில் உங்களை அறியாதவர் யார்?" என்கிறார். இவர் தோங் திங்லான் என்ற சின் இசைக்கலைஞர் என்று கருதப்படுகிறது. இதனுடன் இணைந்த இரண்டாவது கவிதையைப் பலர் படிப்பதில்லை. அதில் காவ் ஷி, "இன்று சந்தித்தோம், மது வாங்கக் காசு இல்லை" என்கிறார். இந்த வரியைப் படித்தபின் முதல் கவிதையின் தைரியம் வேறுவிதமாகக் கேட்கிறது. கையில் ஒன்றுமில்லாத ஒருவர், கொடுக்க வேறெதுவும் இல்லாததால் அந்தச் சொற்களைக் கொடுத்தார்.

இவற்றில் பாதி சம்பிரதாயத்துக்கு எழுதியவைதானே?

பாதிக்கும் மேல் என்றே சொல்லலாம். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சியான் சி, லாங் ஷியுவான் என்ற இருவர் வழியனுப்புக் கவிதைக்குப் பேர்போனவர்கள். முதலமைச்சர் தொடங்கி எந்த அதிகாரி வெளியூர் புறப்பட்டாலும், இவர்களின் கவிதை கிடைக்காமல் போனால் அவரை மட்டமாகப் பேசினார்களாம். அக்காலத் தொகுப்பாசிரியர் ஒருவரே இதைக் குறித்திருக்கிறார். விருந்தில் உட்கார்ந்த இடத்தில், கொடுத்த எதுகையில், அறிமுகம் அதிகம் இல்லாதவருக்கும் எழுத வேண்டியிருந்தது.

ஆனால் சம்பிரதாயம் என்பதை உணர்ச்சிக்கு எதிர்ச்சொல்லாக வைக்க நான் தயங்குகிறேன். எல்லோரும் வில்லோவையும் மதுவையும் பாடிய காரணத்தால்தான் வாங் வெய் அவற்றை மிகக் குறைவாகத் தொட்டு மீதியைக் கேட்பவருக்கு விட முடிந்தது.

லி பாயும் து ஃபூவும் உண்மையிலேயே நெருங்கிய நண்பர்களா? து ஃபூ மட்டும்தான் உருகினார் என்கிறார்களே?

இருவரும் 744இல் லுவோயாங்கில் சந்தித்தார்கள். லி பாய் அப்போது நாற்பதைக் கடந்த, நாடறிந்த கவிஞர். அரண்மனைப் பணியிலிருந்து அப்போதுதான் வெளியேறியிருந்தார். து ஃபூ பதினோரு வயது இளையவர்; பெயர் தெரியாதவர். சிலகாலம் சேர்ந்து சுற்றினார்கள். 745இல் ஷான்தோங் பகுதியில் பிரிந்தார்கள். பிறகு சந்திக்கவே இல்லை. து ஃபூ லி பாயை எண்ணி எழுதிய கவிதைகள் பத்துக்கு மேல் கிடைக்கின்றன. லி பாய் து ஃபூவுக்கு எழுதியதில் இரண்டு மூன்றே எஞ்சியுள்ளன.

இந்த எண்ணிக்கையை வைத்து ஒருதலை நட்பு என்று தீர்ப்புச் சொல்வது சரியில்லை. லி பாய் எழுதியவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய ஒன்றில், "உங்களை எண்ணும் எண்ணம் வென் ஆற்று நீரைப்போல் பெருகித் தெற்கே உங்கள் பின்னால் வருகிறது" என்கிறார். இது கடமைக்கு எழுதிய வரியாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் து ஃபூவின் ஆழம் வேறு. கலகத்தின்போது தவறான இளவரசருடன் சேர்ந்த குற்றத்துக்காக லி பாய் தென்மேற்கே யேலாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். 759இல் வழியிலேயே மன்னிப்புக் கிடைத்து விடுதலையானார். தொலைவில், வடமேற்கின் சின்ஜோவில் குடும்பத்துடன் தவித்துக்கொண்டிருந்த து ஃபூவுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அவர் கனவில் லி பாய் வருகிறார். "சாவால் பிரிந்தால் விம்மி அடங்கிவிடும், உயிரோடு பிரிந்தால் ஓயாத வேதனை" என்று தொடங்குகிறது கவிதை. வந்திருப்பது உயிருள்ளவரின் ஆவியா என்று அஞ்சுகிறார். வலையில் சிக்கியவருக்குச் சிறகு எப்படி வந்தது என்று கேட்கிறார். பிறகு விழித்துக்கொள்கிறார்: "சாயும் நிலவின் ஒளி வீட்டு உத்திரமெங்கும் நிறைந்திருக்கிறது, அது உங்கள் முகத்தில் பட்டு ஒளிர்வதாக இன்னும் தோன்றுகிறது." அந்த அரைத் தூக்கத்துக் கணத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வரி எந்த மொழியிலும் அரிது. கடைசியாக, நீர் ஆழமானது, அலை அகலமானது, நீர்நாகங்களிடம் அகப்பட்டுவிடாதீர்கள் என்று கனவில் வந்தவருக்கே பயண எச்சரிக்கை சொல்லி அனுப்புகிறார்.

பிரிவு மட்டும்தானா? மறுபடி சந்தித்ததைப் பாடவில்லையா?

பாடியிருக்கிறார்கள், அதே து ஃபூ எழுதிய ஒரு கவிதையைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதே 759ஆம் ஆண்டில், வெய் குடும்பத்து எட்டாமவர் என்ற பழைய நண்பர் வீட்டில் ஓர் இரவு தங்கியதைப் பற்றியது. "மனித வாழ்வில் சந்திக்காமல் இருப்பது, ஷென், ஷாங் விண்மீன்களைப்போல" என்று தொடங்குகிறது. ஷென் என்பது ஓரியன் கூட்டத்து மீன்கள். நம் மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் பகுதி. ஷாங் என்பது நாம் கேட்டை என்று அழைக்கும் செம்மீன். ஒன்று உதிக்கும்போது மற்றது மறைந்துவிடும். இரண்டும் ஒரே வானத்தில் சேர்ந்து நிற்பதில்லை. மார்கழி இரவில் ஓரியனையும் ஆனி இரவில் கேட்டையையும் மொட்டைமாடியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த உவமைக்கு உரை வேண்டியதில்லை.

பிறகு கவிதை வீட்டுக்குள் வருகிறது. இருபது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. விசாரித்த பழைய நண்பர்களில் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். அன்று மணமாகாதவராக இருந்தவருக்கு இன்று வரிசையாகப் பிள்ளைகள். அவர்கள் வந்து வணங்கி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் முடிவதற்குள் தந்தை அவர்களை மது எடுத்துவரத் துரத்துகிறார். "இரவு மழையில் வசந்தத்துப் பூண்டுக்கீரையை அரிந்துவருகிறார்கள், புதிதாகச் சமைத்த சோற்றில் மஞ்சள் தினை கலந்திருக்கிறது." பஞ்சமும் போரும் நிலவிய ஆண்டு அது. கொல்லையில் இருந்த கீரையும் கையிருப்பிலிருந்த தினையும்தான் விருந்து. மழையில் நனைந்துகொண்டே போய்க் கீரை அரிந்தார்கள் என்ற ஒரு செய்தியில் அந்த வீட்டின் அன்பு முழுவதும் இருக்கிறது. விருந்தளிப்பவர், சந்திப்பது அரிது என்று சொல்லி ஒரே மூச்சில் பத்துக் கிண்ணம் குடிக்கிறார். பத்துக் கிண்ணமும் போதை தரவில்லை. "நாளை மலைகள் நம்மைப் பிரித்துவிடும், உலக நடப்பு இருவருக்குமே தெளிவில்லை." சந்திப்புக் கவிதையும் பிரிவிலேயே முடிகிறது.

சீன இலக்கியத்தில் மிக நெருங்கிய நண்பர்கள் என்று யாரைச் சொல்லலாம்?

என் பதில்: பாய் ஜுயியும் (772–846) யுவான் ஜென்னும் (779–831). இருவரும் 803இல் ஒன்றாகத் தேர்வில் தேறி, அரசு நூலகத்தில் சுவடி சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தார்கள். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதியைப் பிரிந்தே கழித்தார்கள். நூற்றுக்கணக்கான கவிதைகளைப் பரிமாறிக்கொண்டார்கள்.

809இல் யுவான் அரசு வேலையாகப் பயணம் போயிருந்தார். பாய் தன் தம்பியுடனும் இன்னொரு நண்பருடனும் சாங்கானின் சி-என் கோயிலுக்குப் போய், மது அருந்தும்போது திடீரென்று நினைத்துக்கொள்கிறார்: "வழிநாட்களைக் கணக்கிட்டால் இன்று லியாங்ஜோ போய்ச் சேர்ந்திருப்பார்." சில நாட்களில் லியாங்ஜோவிலிருந்து யுவானின் கவிதை வந்தது. நீங்கள் எல்லாம் சி-என் கோயிலைச் சுற்றிவருவதாகக் கனவு கண்டேன். விடுதிக் காவலர் குதிரைகளைத் தயார் செய்யக் கூவியதும் விழித்துப் பார்த்தேன், நான் லியாங்ஜோவில் இருக்கிறேன் என்று அதில் இருந்தது. பாயின் தம்பி பெயரில் வழங்கும் குறிப்பு, இரண்டும் ஒரே நாளில் நடந்ததாகச் சொல்கிறது. தற்செயலாகவே இருக்கட்டும், நண்பர் இன்று எந்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த மனம் தற்செயல் அல்ல.

815இல் இருவருமே பதவி இறக்கப்பட்டார்கள். யுவான் தோங்ஜோவில் கடும் நோயில் கிடந்தபோது பாய் ஜியாங்ஜோவுக்கு விரட்டப்பட்ட செய்தி வந்தது. "சாகக் கிடந்தவன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன், இருட்டில் காற்று மழையைக் குளிர்ந்த ஜன்னலுக்குள் வீசுகிறது" என்று எழுதினார். பின்பு பாயிடமிருந்து கடிதம் வந்த நாளைப் பற்றி நான்கே வரிகள்: "தொலைவுக் கடிதம் வாசலுக்குள் வந்ததுமே கண்ணீர். மனைவி பதறுகிறாள், மகள் அழுகிறாள், என்ன ஆயிற்று என்கிறார்கள். வழக்கமாக இப்படி இருந்ததில்லையே. ஜியாங்ஜோ அதிகாரியின் கடிதமாகத்தான் இருக்கும்." கடிதத்தில் என்ன இருந்தது என்று கவிதை சொல்லவே இல்லை. அவர் அழுவதைப் பார்த்தே யாருடைய கடிதம் என்று வீட்டார் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

819இல், வெவ்வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போகும் வழியில், யாங்சியின் மலை இடுக்குகளுக்கு அருகே யிலிங்கில் இருவரின் படகுகளும் எதிரெதிரே வந்தன. பிரிய மனமின்றி மூன்று நாட்கள் சேர்ந்திருந்தார்கள். பாயின் தம்பியும் சேர மூவராகக் கண்டறிந்த குகைக்கு 'மூவர் உலாவிய குகை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

யுவான் 831இல் இறந்தார். கல்லறைக் கல்வெட்டுக்கான உரையைப் பாய் எழுதினார். அதற்காக யுவானின் குடும்பம் கொடுத்த பொருட்களின் மதிப்பு ஆறேழு இலட்சக் காசு. அது அன்றைக்குப் பெருந்தொகை. பலமுறை மறுத்தும் திரும்பத் திரும்ப வந்ததால், அதை வைத்து லோங்மென்னில் பாழடைந்துகிடந்த ஷியாங்ஷான் கோயிலைப் புதுப்பித்து, புண்ணியத்தை யுவானுக்கே சேர்த்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அறுபத்தொன்பதாவது வயதில், கனவில் யுவானைக் கண்டு எழுதினார்: "நீங்கள் மண்ணுக்குக் கீழே, சேறு எலும்பைக் கரைத்திருக்கும். நான் மனித உலகில் தங்கியிருக்கிறேன். தலை நிறையப் பனி."

'ஒலியை அறிந்தவர்' என்ற தொடர் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

போ யா என்ற சின் கலைஞர் மலையை எண்ணி வாசித்தால் மலையையும், நீரை எண்ணி வாசித்தால் நீரையும் கேட்டுச் சொன்னவர் ஜோங் ஸிசி. அவர் இறந்ததும் போ யா நரம்புகளை அறுத்து, மீண்டும் வாசிக்கவே இல்லை என்பது பழங்கதை. அதிலிருந்து உற்ற நண்பருக்கு அந்தப் பெயர். நட்பின் அளவுகோல் உதவியோ தியாகமோ அல்ல, சரியாகக் கேட்பது என்று சீனக் கவிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். கவிதை எழுதி அனுப்பும் பழக்கம் நட்பின் மையத்துக்கு வந்ததற்கு இதுவே வேர்.

பெண்கள் எழுதியிருக்கிறார்களா? வெளிநாட்டவர்?

செங்தூவில் வாழ்ந்த சுவே தாவ் எழுதிய வழியனுப்புக் கவிதை ஆண்கள் எழுதிய எதற்கும் குறைந்ததல்ல: நாணல் மேல் இரவு உறைபனி, நிலவும் மலையும் ஒரே குளிர்நிறம், ஆயிரம் லீ இந்த இரவோடு தொடங்குகிறது என்று யார் சொன்னது, பிரிந்தவரின் கனவுகூட எல்லைக்கோட்டை வழியளவு நீளமாக இருக்கிறதே என்கிறார். விருந்துகளில் பாடும் கலைஞராக அரசுப் பதிவேட்டில் இருந்தவர் அவர். அதிகாரிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். அவர் எப்போதும் நிற்பவராகவே இருந்தார்.

வெளிநாட்டவர்களில் ஜப்பானியரான அபே நோ நகமாரோவைச் சொல்ல வேண்டும். 717இல் மாணவராக வந்து, தேறி, சாங்கானில் அதிகாரியானார். 753இல் தாயகம் திரும்பக் கப்பல் ஏறியபோது வாங் வெய் வழியனுப்புக் கவிதை எழுதினார். கப்பல் புயலில் சிக்கியது. இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட லி பாய், "ஒளிநிலா திரும்பவில்லை, நீலக் கடலில் ஆழ்ந்துவிட்டது" என்று இரங்கற்பா எழுதினார். ஆனால் நகமாரோ இன்றைய வியட்நாமின் வடகரையில் ஒதுங்கி, 755இல் சாங்கானுக்கே திரும்பி வந்தார். ஜப்பானை மறுபடி பார்க்காமல் 770இல் அங்கேயே இறந்தார்.

நிலா ஏன் இத்தனை முறை வருகிறது?

பிரிந்த இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான். வாங் சாங்லிங் தொலைவூருக்குத் தள்ளப்பட்டதைக் கேட்ட லி பாய், தன் கவலையை நிலாவிடம் ஒப்படைத்து, அது காற்றோடு அவரைத் தொடர்ந்து போகட்டும் என்றார். பிற்காலத்துச் சோங் அரசமரபுக் கவிஞர் சு ஷி 1076இல், பல ஆண்டுகளாகக் காணாத தம்பியை எண்ணி, ஆயிரம் லீ தள்ளியிருந்தும் இந்த அழகை நாம் பகிர்ந்துகொள்வோமாக என்று எழுதியது இன்றும் நிலாத் திருநாளில் சொல்லப்படுகிறது.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எது கைகூடுகிறது, எது கைகூடவில்லை?

'பழைய நண்பர்' என்று நான் எழுதிவரும் சொல், சீனத்தில் 'பழைய', 'ஆள்' என்ற இரண்டே எழுத்து. தமிழில் இது இயல்பாக அமைகிறது. பழகுதல் என்ற சொல்லிலேயே பழமை இருக்கிறது. நெடுநாள் நட்பின் உரிமையைப் பேசும் குறள் அதிகாரத்துக்குப் பெயரே பழைமை. வாங் வெய்யின் கடைசி வரிக்குப் 'பழகியவர் யாரும் இல்லை' என்று எழுதும்போது எனக்கு இழப்புணர்வு ஏற்படவில்லை.

சிக்கல் விடைபெறும் சொற்களில் வருகிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும் தமிழர் 'போகிறேன்' என்று மட்டும் சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்கிறார். வழியனுப்புபவர் 'போய் வாருங்கள்' என்கிறார். நம் மொழியில் பிரிவுச் சொல்லுக்குள் திரும்பி வருதல் தானாகவே அமர்ந்திருக்கிறது. சீனக் கவிஞரோ பல இடங்களில் திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்கிறார். 'போங்கள்' என்றால் நம் காதுக்கு விரட்டுவதுபோல் இருக்கிறது. 'போய் வாருங்கள்' என்றால் கவிதை தராத வாக்குறுதியைத் தந்துவிடுகிறோம்.

வாங் வெய்யின் இன்னொரு சிறு கவிதை இந்த இடத்தில்தான் என்னை நெடுநாள் நிறுத்தியது. அதன் தலைப்பு வெறும் 'வழியனுப்புதல்'. யாரை, எந்த ஊருக்கு என்பது இல்லை. தமிழில் 'விடை' என்று ஒரே சொல்லில் தலைப்பிடலாம் என்று பிறகு தோன்றியது. பிரிவுக்கும் பதிலுக்கும் நமக்கு அது ஒரே சொல் அல்லவா, கவிதையும் ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். 'போங்கள்' என்ற சொல்லை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டேன்:

"குதிரையிலிருந்து இறங்கி உங்களுக்கு மது தந்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். நினைத்தது நடக்கவில்லை என்றீர்கள். தென்மலை ஓரத்துக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளப் போகிறேன் என்றீர்கள். போங்கள், இனி நான் கேட்கவில்லை. வெண்மேகங்களுக்கு முடிவே இல்லை."